கடன் மறுசீரமைப்பும் ஒரு கூரைத் தகரக் கணக்கும்

2023 ஜூன் 29, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மறுநாள் வெள்ளிக்கும் வங்கிகளுக்கு விசேட விடுமுறை என்று அரசாங்கம் அவசரமாக அறிவித்திருந்தது. அடுத்தது சனி, ஞாயிறு. திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஐந்து நாட்களுக்கு இலங்கையில் எந்த வங்கியும் திறக்காது. கிடைத்த லீவை விடக்கூடாது என்று கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடித்து வவுனியாவுக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எங்கள் கம்பனியில் பொதி கட்டும் பிரிவில் வேலை செய்யும் அக்கா.

“தம்பி, நம்ம ஈ.பி.எஃப். காசுல கை வைக்கப் போறாங்களாமே, நெசமா?”

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதா மாதம் எல்லோருடைய சம்பளத்திலும் 8 சதவீதத்தைக் கழித்து, கம்பனியின் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுவது என் வேலை. அதனால் ஈ.பி.எஃப். பற்றிய எந்தச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விவரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா என்னவென்று கேட்டார். அரசாங்கம் பட்ட கடனைச் சமாளிக்க ஊழியர் நிதியிலிருக்கும் பிணைமுறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, மாற்றப் போகிறார்களாம், வட்டி குறையுமாம் என்று சுருக்கமாகச் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, “அப்ப என்ர சங்கிலி மாதிரித்தான் கிடக்கு” என்றார்.

அந்தச் சங்கிலிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அக்காவைப் பற்றி. நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். கலியாணத்தோடு தோட்ட வேலையை விட்டு, அப்போது சேர்ந்திருந்த நிதியை எடுத்துச் செலவழித்து, பிறகு பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கொழும்புக்கு வந்து எங்கள் கம்பனியில் சேர்ந்தவர். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஈ.பி.எஃப். கைக்கு வரும். அன்றைக்கு அவருக்கு 48. ஊரில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. மழைக்கு ஒழுகும் பழைய தகரக் கூரை. அந்தக் கூரையை மாற்றுவதுதான் அந்தக் காசின் வேலை என்று வருடக்கணக்காக முடிவு செய்து வைத்திருந்தார். மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, மகளின் படிப்புக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எத்தனை தகரம் வரும் என்று கேட்பார். கணக்கு மீதி எவ்வளவு என்று சொன்னால் அவருக்குப் பிடிபடாது. தகரமாகச் சொன்னால் பிடிபடும். 2019 டிசம்பரில் நாங்கள் இருவரும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபோது 46 தகரம் வந்தது. வீடு முழுக்கப் போட்டு, குசினிக்கும் போடலாம்.

அந்த 46 என்ற எண்ணுக்கு என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் நாட்டின் கடனைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன்.

இலங்கை நெடுங்காலம் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான் போன்ற இடங்களில்தான் கடன் வாங்கியது. வட்டி குறைவு, தவணை நீளம். தலா வருமானம் உயர்ந்து நடுத்தர வருமான நாடு என்று பெயர் கிடைத்ததும் அந்தச் சலுகைக் கடன்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. 2007 ஒக்டோபரில், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் டொலர் பிணைமுறி விற்றார்கள். 500 மில்லியன் டொலர், 8.25 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. அது ருசிப்பட்டுவிட்டது. அதன் பிறகு எந்த அரசாங்கம் வந்தாலும் இதைத்தான் செய்தது.

இந்தப் பிணைமுறியின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் போல மாதாமாதம் முதலும் வட்டியுமாகக் கரைவதில்லை. தவணை முடியும் வரை வட்டி மட்டும் போகும். கடைசி நாளில் முதல் முழுவதையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும். அவ்வளவு டொலர் எந்த ஏழை நாட்டின் கையிலும் சும்மா இருக்காது. ஆகவே பழையதை அடைக்கப் புதியது விற்க வேண்டும். சந்தை திறந்திருக்கும் வரை வண்டி ஓடும். சந்தை கதவைச் சாத்திய அன்று நின்றுவிடும். 2022இல் இப்படி நிலுவையில் இருந்த பிணைமுறிகளின் முதல் மட்டும் 12.55 பில்லியன் டொலர்.

நாடு முறிந்தது சீனக் கடனால்தான் என்று வெளியே பலர் நம்புகிறார்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த படம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சீனாவிடம் வாங்கிய கடன் பெரியதுதான். பின்னாளில் மறுசீரமைத்த, அதாவது கட்டும் நிபந்தனைகளை மாற்றி எழுதிய, சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடன் மட்டும் 4.2 பில்லியன் டொலர். ஆனால் கழுத்தைப் பிடித்தது அதிக வட்டிக்கு, குறுகிய தவணைக்கு, முகம் தெரியாத முதலீட்டாளர்களுக்கு விற்ற அந்தப் பிணைமுறிகள்தான். அவை நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை என்பதையும் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

2019 கடைசியில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானதும் வரிகளை வெட்டினார்கள். பொருட்களுக்கும் சேவைகளுக்கும் விதிக்கும் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. இன்னும் சில வரிகள் முற்றாகவே போயின. எங்கள் கணக்குப் பிரிவில் அன்றைக்குக் கேக் வெட்டாத குறை. சம்பளத்தில் வரி கழிக்கும் வேலை ஒரேயடியாக இல்லாமல் போனது. அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது. சில மாதத்தில் கொரோனா வந்து உல்லாசப் பயணிகளின் டொலரும் நின்றது. நாடுகளின் கடன் நம்பகத்தைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையைக் கீழே தள்ள, சந்தை சாத்திக்கொண்டது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணய ஒதுக்கு, 2021 முடிவில் சுமார் 3.1 பில்லியன். அதிலும் ஏறத்தாழப் பாதி, சீன மத்திய வங்கியுடனான நாணய மாற்று ஏற்பாட்டில் கணக்குக்காக இருந்தது. எடுத்துச் செலவழிக்கக்கூடிய காசு இல்லை.

சரி, இப்போது 2022 ஜனவரி 18க்கு வருகிறேன். இந்தத் தேதியை நான் மறப்பதில்லை.

அன்றைக்கு 500 மில்லியன் டொலர் பிணைமுறி ஒன்று முதிர்ந்தது. கட்ட வேண்டாம், கடன்கொடுத்தவர்களுடன் இப்போதே பேசத் தொடங்குங்கள், இருக்கிற டொலரை எரிபொருளுக்கும் மருந்துக்கும் வையுங்கள் என்று பொருளாதாரம் தெரிந்த பலர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கட்டியது. ஒரு சதம் குறையாமல் கட்டியது. இலங்கை ஒருநாளும் கடன் தவறியதில்லை என்பது அப்போது ஒரு பெருமைப் பேச்சு. அந்தப் பிணைமுறியைச் சந்தையில் கழிவு விலையில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது.

அந்த வாரங்களில் நான் குடியிருந்த ஒழுங்கையின் முனையில் ஒரு கேஸ் கடை இருந்தது. இரவே சிலிண்டர்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து, ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டி, சோக்கால் பெயர் எழுதிவிட்டு வருவோம். காலையில் போனால் லொறி வந்திருக்காது. பனியில் சோக் அழிந்து, எது யாருடையது என்று சண்டை. என் சிலிண்டரின் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தேன். ஒரு நாள் துணி இருந்தது, சிலிண்டர் மாறியிருந்தது. அந்த 500 மில்லியன், நாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எரிபொருள் வாங்கப் போதுமான காசு. அதைப் பிறகு ஒரு கட்டுரையில் படித்தபோது அந்தச் சிவப்புத் துணிதான் ஞாபகத்துக்கு வந்தது.

கடன் மறுசீரமைப்பில் அரசாங்கங்கள் செய்யும் மிகப் பெரிய பிழை தாமதம். சர்வதேச நாணய நிதியமே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எப்படியும் முறியப்போகிற கடனுக்கு, கடைசி டொலர் வரை கட்டிவிட்டு வெறுங்கையோடு பேச்சுக்குப் போவதும், கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு போவதும் ஒன்றாகாது. முதலாவது வழியில் போனால் இடைப்பட்ட மாதங்களின் வலி முழுவதும் வரிசையில் நிற்பவரின் தலையில் விழும். எங்களுக்கு அதுதான் நடந்தது. மார்ச்சில் ரூபாவைக் கைவிட்டார்கள். ஒரு டொலர் 203 ரூபா அளவில் கட்டிப்பிடித்து வைத்திருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம். ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக நிதியமைச்சு அறிவித்தது. வட்டித் தவணை ஒன்றுக்கு இருந்த 30 நாள் அவகாசமும் மே 18ஆம் தேதி முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவை. ஜூலை 13 அதிகாலை ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு 94.9.

அக்காவின் தகரக் கணக்கு உடைந்தது இங்கேதான். அந்த வருடம் ஈ.பி.எஃப். கொடுத்த வட்டி 9 சதவீதம். கணக்கில் ஒரு ரூபாவும் குறையவில்லை. ஆனால் பத்து லட்சம் ரூபா என்பது பழைய மாற்று விலையில் 4,900 டொலருக்குக் கொஞ்சம் மேல். புதிய விலையில் 2,800 டொலர்கூட இல்லை. தகரம் இறக்குமதிச் சாமான். சீமெந்தும் ஆணியும் அப்படித்தான். யாரும் கூடிப் பேசாமல், யாரும் கையெழுத்து வைக்காமல், முதலாவது கடன் மறுசீரமைப்பு நடந்து முடிந்துவிட்டது. அதில் வெட்டு வாங்கியவர்கள் ரூபாவில் சேமித்தவர்கள்.

இனிச் சங்கிலிக் கதை.

என் மாமா, அம்மாவின் தமையன், வவுனியாவில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது கடை நொடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடன்கொடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். அரிசி கொடுத்த மில்காரர், சீனி மொத்த வியாபாரி, வட்டிக்குக் காசு கொடுத்த ஒருவர், இன்னும் இரண்டு பேர். மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டிருந்தது. யாருக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதினார்கள். மில்காரர் பாதி விட்டுக்கொடுக்கத் தயார், ஆனால் வட்டிக்காரரும் பாதி விட வேண்டும் என்றார். வட்டிக்காரர், சீனி வியாபாரிக்குப் போன மாதம் ரகசியமாகக் கொடுத்தது எனக்குத் தெரியாதா என்று எழும்பினார். பின்னேரம் வரை நடந்தது. கடைசியில் ரூபாவுக்கு அறுபது சதம், இரண்டு வருடத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று முடித்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது அம்மா. கடை தொடங்கும்போது அம்மாவின் மூன்று பவுண் சங்கிலியை அடகு வைத்துத்தான் மாமா முதல் சரக்கு எடுத்தார். அந்தச் சங்கிலி கொப்பியில் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளே இருப்பவரிடம் வாங்கியது கடன் என்ற கணக்கில் வருவதில்லை.

ஒரு நாடு முறிந்தால் நடப்பதும் அந்த முற்றம்தான், கதிரைகள் வேறு. கம்பனி முறிந்தால் நீதிமன்றம் இருக்கிறது, வங்குரோத்துச் சட்டம் இருக்கிறது. நாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடன்கொடுத்த ஒவ்வொரு கூட்டத்துடனும் தனித்தனியே பேச வேண்டும். நாணய நிதியம் காசு தரவேண்டுமானால், மற்றக் கடன்கொடுத்த நாடுகள் நாங்களும் விட்டுக்கொடுப்போம் என்று முன்கூட்டியே உறுதி தர வேண்டும். அந்த உறுதியை முதலில் தந்தது இந்தியா, 2023 ஜனவரியில். சீனா இழுத்தடித்து மார்ச்சில் தந்த பிறகுதான் மார்ச் 20ஆம் தேதி சுமார் 3 பில்லியன் டொலர் நான்கு வருட வேலைத்திட்டத்தை நிதியம் ஏற்றுக்கொண்டது. இலங்கைக்கு அது 17ஆவது தடவை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து தலைமை தாங்க, கடன்கொடுத்த நாடுகளின் குழு ஒன்று உருவானது. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசியது. எல்லோரும் பயந்தது மில்காரர் பயந்ததற்குத்தான்: நான் விட்டுக்கொடுக்கும் காசு இன்னொருவனின் பைக்குள் போய்விடுமோ. சீனாவுக்குக் கட்ட நாங்கள் ஏன் விட வேண்டும் என்று பிணைமுறிக்காரர், பிணைமுறிக்காரருக்குக் கட்ட நாங்கள் ஏன் விட வேண்டும் என்று ஜப்பான். இதனால்தான் இவ்வளவு காலம் எடுக்கிறது. ஸாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. பிணைமுறிகளை மாற்றி முடிக்க 2024 ஜூன் ஆனது. இடையில் ஒரு தடவை பிணைமுறிக்காரருடன் கண்ட இணக்கத்தை, இது எங்களைவிட அவர்களுக்கு நல்லதாக இருக்கிறது என்று கடன்கொடுத்த நாடுகள் நிராகரித்தன.

முற்றத்துக்கு வராமல் நேரே வழக்குப் போடுகிறவர்களும் உண்டு. சென் கிட்ஸ் நெவிஸ் தீவு நாட்டில் பதிவான ஹமில்டன் ரிசேவ் என்ற வங்கி, 2022 ஜூலையில் முதிரவிருந்த ஒரு பில்லியன் டொலர் பிணைமுறியில் கால்பங்குக்கு மேல் தன்னிடம் இருப்பதாகக் கூறி, நியூயோர்க் நீதிமன்றத்தில் முழுத்தொகையும் கேட்டு வழக்குப் போட்டது. அந்தப் பிணைமுறி பழைய விதிகளின்படி எழுதப்பட்டது. பெரும்பான்மையினர் ஒத்துக்கொண்டால் எல்லோரையும் கட்டுப்படுத்தலாம் என்ற விதி அதில் உண்டு, ஆனால் அந்த ஒரு வெளியீட்டுக்குள்ளே நான்கில் மூன்று பங்கினர் வேண்டும். கால்பங்கு கையில் இருந்தால் ஒருவரே தடுத்துவிடலாம். 2014க்குப் பிறகு வந்த பிணைமுறிகளில் பல வெளியீடுகளைச் சேர்த்து வாக்கெடுக்கும் விதி வந்துவிட்டது, அதனால் இது கடினம். 2001இல் கடன் தவறிய ஆர்ஜென்டினாவுக்கு அதன் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் அந்தத் திருத்தமே வந்தது. அதன் கடற்படைப் பாய்க்கப்பலை 2012இல் கானாவின் துறைமுகத்தில், விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு முதலீட்டு நிதியம் தடுத்துவைத்தது. கடைசியில் 2016இல் ஆர்ஜென்டினா அவர்களுக்கு பில்லியன் கணக்கில் கொடுத்துத்தான் தீர்த்தது.

சரி, உள்நாட்டுக் கடன் எங்கே வந்தது? நிதியம் சில எல்லைகளை வைத்தது. அரச கடன் 2032இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். வெளிநாட்டு நாணயக் கடனுக்குக் கட்டுவது 2027 முதல் 2032 வரை எந்த வருடமும் உற்பத்தியில் 4.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அரசாங்கம் வருடாவருடம் திரட்ட வேண்டிய மொத்தக் காசு அந்த வருடங்களில் சராசரியாக 13 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் உள்ளூர்க் கடன் மாட்டியது. அரசாங்கம் குறுங்காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலும், நீண்டகால ரூபாப் பிணைமுறியும் அவ்வளவு குவிந்திருந்தன. வெளிநாட்டுக்காரர்களும், நாங்கள் மட்டும் ஏன், உங்கள் ஆட்களும் ஏதாவது விட வேண்டாமா என்று கேட்டார்கள்.

உள்ளே யாரிடம் கேட்பது? ரூபாப் பிணைமுறிகளைப் பெரிதாக வைத்திருந்தது வங்கிகளும் ஈ.பி.எஃப். போன்ற நிதிகளும். வங்கிகளைத் தொடவில்லை. தொட்டால் வைப்பாளர்கள் பயந்து ஓடிவருவார்கள், வங்கிகள் ஏற்கனவே அதிக வரி கட்டுகின்றன, டொலர் பிணைமுறியிலும் நட்டப்படுகின்றன என்று அரசாங்கம் சொன்னது. நியாயமான காரணம்தான். 2022இல் வரிசையில் நின்ற எவரும் வங்கி வரிசையையும் பார்க்க ஆசைப்பட மாட்டார்கள். மிஞ்சியது ஓய்வூதிய நிதிகள். பழைய பிணைமுறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிரும் புதியவற்றை வாங்க வேண்டும். 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9. விருப்பம் இல்லாவிட்டால் மாற்றாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் நிதியின் வருமான வரி 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம். ஜூலை முதலாம் தேதி, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேறியது. செவ்வாய்க்கிழமை வங்கி திறந்தபோது பாராளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து முடிந்திருந்தது.

இதில் இன்னொரு சிக்கல். ஈ.பி.எஃப். நிதியை நிர்வகிப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய வங்கி. அரசாங்கத்துக்காகப் பிணைமுறி விற்றுக் கடன் திரட்டிக் கொடுத்ததும் அப்போது அதே மத்திய வங்கி. கடன்வாங்குபவரின் தரகரும் கடன்கொடுப்பவரின் காவலரும் ஒரே கட்டடத்தில். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்காக மட்டும் வாதாட, அந்த அறையில் தனியாக ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

கானாவைப் பாருங்கள். 2022 டிசம்பரில் அதுவும் முறிந்து, உள்நாட்டுக் கடனையும் மாற்றப் போனது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்று நின்றதும் ஓய்வூதிய நிதிகளை முதலில் விலக்கினார்கள். பிறகு தனியாகப் பிணைமுறி வாங்கி வைத்திருந்த ஓய்வூதியக்காரர்கள் நிதியமைச்சின் வாசலில் போய் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற முன்னாள் பிரதம நீதியரசர் சோஃபியா அகுஃபோ அம்மையாரும் அவர்களோடு வந்து நின்றார். அவர்களும் விலக்கப்பட்டார்கள். இங்கேயும் தொழிற்சங்கங்கள் கத்தின. ஆனால் ஐந்து நாள் லீவுக்குள் எவ்வளவு கத்த முடியும்?

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தார். பழைய பில்லின் பின்பக்கத்தை விரித்தோம். உள்ளதை உள்ளபடி சொன்னேன். உங்கள் கணக்கு மீதியை வெட்டவில்லை, 9 சதவீதத்துக்குக் குறையாமல் தருவோம் என்கிறார்கள். ஆனால் வெளியே திறைசேரி உண்டியலுக்கு இப்போது 20க்கு மேல் கிடைக்கிறது, அது உங்களுக்கு வராது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா தம்பி?”

இல்லை என்றேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், வட்டி விஷயத்தில் அன்று நாங்கள் பயந்த அளவுக்கு மோசமாகவில்லை. அடுத்த வருடம் சந்தை வட்டி மளமளவென்று இறங்கியது. 2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் ஈ.பி.எஃப். கொடுத்தது. ஆனால் 2038 வரை 9 சதவீதத்தில் கட்டிப்போட்ட காசு அது, இன்னொரு பணவீக்கம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2022இல் பறிபோனதை எந்தப் பேச்சுவார்த்தையிலும் யாரும் இழப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. கொப்பியில் எழுதாத சங்கிலி அது.

பிணைமுறிக்காரர்களின் மேசை எப்படி இருந்தது என்பதையும் சொல்கிறேன். அவர்கள் குழு அமைத்தார்கள், நிதி ஆலோசகர்களையும் சட்டத்தரணிகளையும் வைத்தார்கள். கடன்கொடுத்த நாடுகள் 5.8 பில்லியன் டொலருக்கு 2024 ஜூன் 26ஆம் தேதி கையெழுத்திட்டன. முதலைக் கட்டுவது 2028 வரை தள்ளிப்போனது, தவணை 2043 வரை நீண்டது. பிணைமுறிக்காரர்களோடு இணக்கம் வந்தது செப்டெம்பர் 19, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு. தேர்தலில் வென்ற அனுர குமார திசாநாயக்கவின் அரசாங்கமும் அதை மாற்றாமல் எடுத்துக்கொண்டது. டிசம்பரில் ஏறத்தாழ 98 சதவீதமானோர் பிணைமுறிகளை மாற்றினார்கள். இரண்டரை வருடப் பேச்சு. முதல் தொகையில் 27 சதவீத வெட்டு.

வாசிக்க நல்ல எண். ஆனால் கட்டாமல் விட்ட வட்டி முதலோடு சேர்ந்தது, அதில் வெட்டு 11 சதவீதம்தான். அதோடு புதிய பிணைமுறிகளில் ஒரு பகுதி நாட்டின் வளர்ச்சியோடு கட்டப்பட்டது. 2025, 2026, 2027 மூன்று வருடங்களின் உற்பத்தி, டொலர் கணக்கில், நிதியம் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் வெட்டு சுருங்கும், நாங்கள் கூடக் கட்ட வேண்டும். குறைந்தால் அவர்களுக்குக் குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டொலரில் அளந்தால் ரூபா பலமாக இருந்தாலே உற்பத்தி பெருத்துத் தெரியும். அதற்காக உண்மை வளர்ச்சியையும் பார்க்கும் நிபந்தனை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கானா தன் பிணைமுறிகளில் 37 சதவீதம் வெட்டு வாங்கியது, இப்படி வளர்ச்சியில் பங்கு கொடுக்கவும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது போதாது என்றே நான் நினைக்கிறேன். உற்பத்தியில் 4.5 சதவீதம் வரை டொலராக வெளியே போகலாம் என்ற எல்லை, ஏற்றுமதி மெலிந்த நாட்டுக்கு மிகப் பெரியது. 2028 தூரத்தில் இல்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. அரசாங்கத்துக்காக நோட்டு அடிப்பதைப் புதிய மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது. கடனைப் பார்க்கத் திறைசேரியில் தனி அலுவலகம் வந்தது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. கேஸ் கடையில் வரிசை இல்லை. ஆனால் வருமானத்தைக் கூட்ட வற் வரியை 8இலிருந்து 12, 15, 18 என்று ஏற்றினார்கள். அக்கா வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே 18தான், என் முதலாளிக்கும் அதே 18தான். பணவீக்கத்தில் ஒரு தடவை, நிதியில் ஒரு தடவை, வரியில் ஒரு தடவை என்று ஒரே ஆளிடம் மூன்று தடவை வாங்கியிருக்கிறார்கள்.

2025இல் அக்காவுக்கு 50 முடிந்தது. படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். காசு சிக்கலில்லாமல் வந்தது. மரம், கூலி, மகளின் படிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கினோம். 2019க்குப் பிறகு இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து கட்டிய பங்கும் சேர்த்து 28 தகரம் வந்தது.

வேலையை விட்டு ஊருக்குப் போன இரண்டாம் மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முன்பக்கம் நீலத் தகரம் வெயிலில் பளபளக்கிறது. பின்னால் குசினிக்கு மேல் பழைய கறள் பிடித்த தகரம், காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன் மேல் ஐந்தாறு கல்லும் ஒரு தேய்ந்த டயரும். கீழே ஒரு குரல் பதிவு.

“குசினிய அடுத்த வருசம் பாப்போம் தம்பி. மழ வந்தா சட்டிய அந்தப் பக்கம் நகத்தி வச்சிக்கிறது. அம்மாவுக்கும் படத்தக் காட்டுங்க.”

அம்மாவுக்குக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி, குசினிப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.